நெஞ்சைக் கேட்டலும் நெஞ்சொடு பேசலும்

நமது தோட்டத்துப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் மாலையில் திருக்குறள் வாசிப்பு நடந்து வருகிறது. அறத்துப்பால் முடிந்தது; பொருட்பாலும் முடிந்தது. மூன்றாம் பாலைத் தொடங்கும் நாள் வந்தபோது அன்பர் சிலர், "பெண்டு பிள்ளைகள் வந்திருக்கும் இடத்தில் காமத்துப்பால் வேண்டா, மீண்டும் கடவுள் வாழ்த்திலிருந்தே தொடங்குவோம்" என்றனர். இவ்வச்சம் புதியதன்று. 1730-ஆம் ஆண்டில் குறளை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவரும் முதலிரு பால்களோடு நிறுத்திக்கொண்டார். அவர் துறவி, அவருக்கு ஒரு காரணம் உண்டு. பிள்ளைகுட்டிகளோடு இல்லறம் நடத்தும் நமக்கு என்ன காரணம் என்பது விளங்கவில்லை. வாக்கெடுத்தோம். ஒரே ஒரு வாக்கு மிகுதியால் மூன்றாம் பால் வென்றது. அவ்வொரு வாக்கு யாருடையது என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

அவ்வாசிப்பில் 125-ஆம் அதிகாரமாகிய 'நெஞ்சொடு கிளத்தலை' அடைந்த அன்று மாலை இரண்டு கட்சிகள் எழுந்தன. ஆங்கிலத்தில் மலிந்து கிடக்கும் வாழ்க்கைநல நூல்களைப் படித்த இளைஞர் ஒருவர், "நம் உள்ளுணர்வு பொய் சொல்லாது, அதன் குரலைக் கேட்டு நடந்தால் மனநோய் யாவும் ஆறிவிடும், வள்ளுவரும் அதனையே கூறுகிறார்" என்றார். பெரியவர் ஒருவர் உடனே எழுந்து, "மனம் ஒரு குரங்கு, அதைக் கட்டிப்போடுவதுதான் வள்ளுவர் வழி" என்றார். இருவரும் குறளையே சான்று காட்டினர். இளைஞர் காட்டியது, தன் நெஞ்சு அறிந்ததைப் பொய்யாக்கினால் அந்நெஞ்சே தன்னைச் சுடும் என்னும் வாய்மை அதிகாரத்துக் கருத்து. பெரியவர் காட்டியது, மனத்தைச் சென்ற இடமெல்லாம் செல்லவிடாமல் தீமையினின்று நீக்கி நன்மையின்பால் செலுத்துவதே அறிவு என்னும் அறிவுடைமை அதிகாரத்துக் கருத்து. இரண்டும் வள்ளுவர் வாக்கே. இவ்விரண்டுக்கும் இடையே வள்ளுவர் எங்கே நிற்கிறார் என்பதை 125-ஆம் அதிகாரத்தையும், அதற்கு இணையாக நிற்கும் 130-ஆம் அதிகாரமாகிய 'நெஞ்சொடு புலத்தலையும்' கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அதிகாரம் நிற்கும் இடத்தைக் காண வேண்டும். கணவன் பொருள் தேடிப் பிரிந்து போயிருக்கிறான். தலைவி தனித்திருக்கிறாள். 118-ஆம் அதிகாரத்தில் அவளுடைய கண்கள் துன்புறுகின்றன. 119-இல் மேனியில் பசலை படர்கிறது. 123-இல் மாலைப்பொழுது அவளை வாட்டுகிறது. 124-இல் தோள் மெலிந்து வளை கழலுகிறது. இத்தனைக்கும் பிறகே 125-இல் அவள் நெஞ்சை நோக்கி வாய் திறக்கிறாள். துயரம் முதலில் உடம்பில்தான் எழுதப்படுகிறது. நெஞ்சு தன் பேச்சுக்கு வர நாளாகிறது. இது புலவர் கற்பனை என்று எண்ணுவோர் நம் தோட்டத்து ஆஸ்பத்திரி வாயிலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கலாம். மார்பு அடைக்கிறது என்பார், தூக்கமில்லை என்பார், சோறு இறங்கவில்லை என்பார். டிரசர் குழல் வைத்துப் பார்த்து நோய் ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்புவார். அவர்மீது குற்றமில்லை, குழல் கேட்கக்கூடியது அவ்வளவே.

இனி அதிகாரத்தின் முதற் குறளைக் கவனிப்போம். அதில் தலைவி நெஞ்சிடம் கேட்பது ஒரு மருந்து. 'என் நோயைத் தீர்க்கும் மருந்து ஏதேனும் ஒன்றை ஆராய்ந்து சொல்லமாட்டாயா, நெஞ்சே' என்பது அதன் கருத்து. பொருட்பாலில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் வைத்து, நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செய்க என்று வள்ளுவர் மருத்துவனுக்கு முறை வகுத்திருக்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என மருத்துவம் நான்கு கூறுடையது என்றும் சொல்லியிருக்கிறார். தலைவிக்கோ நோயாளியும் தானே, அருகிருப்பவளும் தானே. மருத்துவனாக ஆகவேண்டிய நெஞ்சு, நோய் பிடித்த நெஞ்சேதான்.

எனவே, முதற் குறளில் மருந்து கேட்டவள் அடுத்த குறளிலேயே அந்நெஞ்சைப் பேதை என்கிறாள். அவரிடம் காதல் இல்லாதபோது நீ நொந்துகொள்வது அறியாமை என்று கடிந்து, கடிந்த வாயாலேயே வாழ்க என்று வாழ்த்துகிறாள். 'பிரிந்தவர் இரங்கமாட்டார் என்று தெரிந்தும் அவர் பின்னால் ஓடுகிறாயே' என்று ஓரிடத்தில் இகழ்கிறாள். 'ஒன்று காமத்தை விடு, இல்லையேல் நாணத்தை விடு. இரண்டையும் சுமக்க என்னால் ஆகாது' என்று ஓரிடத்தில் கெஞ்சுகிறாள். அங்கே அதனை நல்ல நெஞ்சே என்று அழைக்கிறாள். 'காதலர் உள்ளத்தினுள்ளேயே இருக்கிறார். நீ யாரைத் தேடி எங்கே புறப்படுகிறாய்' என்று மற்றோரிடத்தில் வினவுகிறாள். இக்குறளில் உள்ளம் என்பதும் நெஞ்சு என்பதும் இருவேறு சொற்களாகவே நிற்கின்றன என்பது கருதத்தக்கது. உள்ளம் ஒருவர் தங்கும் வீடு போலவும், நெஞ்சு அவ்வீட்டைவிட்டு வெளியே ஓடும் பிள்ளை போலவும் காட்டப்படுகின்றன. இரண்டையும் ஒன்றாக்கி 'மனம்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

பத்துக் குறளும் படித்து முடித்தால் நெஞ்சு மருந்து எதுவும் சொல்லவில்லை என்பது தெரியும். ஒரு குறளிலாவது அது மறுமொழி கூறவில்லை. பேசுபவள் அவள் ஒருத்தியே. ஆங்கிலத்தில் இவ்வதிகாரத்திற்கு வழங்கும் தலைப்பு 'சாலிலக்குவி' என்பது. தனிமொழி என்று பொருள். 1886-ஆம் ஆண்டில் முப்பாலையும் ஆங்கிலச் செய்யுளாக்கிய போப் ஐயருடைய உழைப்பின்மீது நமக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் இத்தலைப்பு நமக்கு மனநிறைவு தரவில்லை. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில் சேக்சுபியர் நாடகத்து அரசிளங்குமரர் மேடையில் தனித்து நின்று பேசுவதைத் தனிமொழி என்று நமக்குக் கற்பித்தார்கள். அவர்கள் தமக்குத் தாமே பேசுகிறார்கள். நம் தலைவி தனக்குத் தானே பேசவில்லை. நெஞ்சொடு பேசுகிறாள். மூன்றாம் வேற்றுமையாகிய அந்த 'ஒடு' உடனிகழ்ச்சிப் பொருள் தருவது. உடனிருக்கும் ஒருவரை வேண்டுவது. இருவர் ஒரு தொழிலைச் சேர்ந்து செய்யும்போது 'ஒடு' உயர்ந்தவரோடு ஒட்டும் என்பது தொல்காப்பியர் விதி. அவ்விதியை இங்கே இழுத்துவந்து, பேசுபவளினும் நெஞ்சு உயர்ந்தது என்று வாதாட நாம் விரும்பவில்லை. அது இலக்கணத்தை வருத்துவதாகும். ஆனால் தாழ்ந்ததோ கட்டிப்போட வேண்டியதோ ஆன ஒன்றனோடு யாரும் பத்துக் குறள் நீளம் வழக்காடுவதில்லை என்பதை மட்டும் பெரியவர் கட்சிக்கு நினைவூட்டுகிறோம்.

இளைஞர் கட்சிக்கும் ஒரு சொல் உண்டு. நெஞ்சு பொய் சொல்லாது என்றால், இத்தலைவி அதனைப் பேதை என்றும், 130-ஆம் அதிகாரத்தில் மாண்பற்ற மடநெஞ்சு என்றும் ஏன் இகழ வேண்டும்? அறத்துப்பாலில் பொய்க்காத சாட்சியாக நின்ற நெஞ்சு, காமத்துப்பாலில் எவ்வாறு அறிவற்றதாயிற்று? வள்ளுவர் முன்னுக்குப் பின் முரணினாரா? நமக்குத் தோன்றும் விடை இது. வாய்மை அதிகாரத்தில் நெஞ்சு சான்று கூறுவது நம்மைப் பற்றி. நாம் செய்ததென்ன, மறைத்ததென்ன, உண்மையில் விரும்புவதென்ன என்பவற்றில் நெஞ்சைப்போல் அறிந்தவர் இல்லை. அங்கே அதன் சொல்லைத் தட்டுகிறவன் வெந்துபோவான். காமத்துப்பாலில் அதே நெஞ்சு பிறரைப் பற்றியும் நாளையைப் பற்றியும் பேசத் துணிகிறது. 'அவர் இரங்குவார், அவர் வருவார்' என்கிறது. இது அதற்குத் தெரியாத செய்தி. தன் ஆசையையே செய்தியாக்கிச் சொல்கிறது. தலைவி கடிவதெல்லாம் இவ்விடத்தில்தான். அவளுடைய வேட்கையை அவள் ஒருபோதும் பொய் என்று சொல்லவில்லை. வேட்கை கட்டிய கோட்டையைத்தான் மறுக்கிறாள். உள்ளுணர்வைப் போற்றுவோரும் தூற்றுவோரும் இந்த வேறுபாட்டைக் காணாமையாலேயே ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்கின்றனர்.

இதனை நாம் ஏட்டிலிருந்து மட்டும் கண்டோம் என்று சொல்லமாட்டோம். மேலே கூறிய வாக்கெடுப்பில் கடைசியாகக் கை தூக்கியவர் நம் தோட்டத்தில் எண்பதைக் கடந்த ஒரு பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர். அன்று மாலை வாசிப்பு முடிந்ததும் அவர் தம் தாயாரைப் பற்றிச் சொன்ன செய்தியை அவருடைய இசைவோடு இங்கே எழுதுகிறோம்.

1943-ஆம் ஆண்டில் பாட்டியின் தந்தையார் ஒருநாள் விடியற்காலைப் பெரட்டிலிருந்து அப்படியே கொண்டுபோகப்பட்டார். மூன்று மாத வேலை என்றார்களாம். சயாமிலிருந்து பர்மாவுக்குச் சப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதை அவ்வாண்டு அக்டோபரில் இணைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே போன பல்லாயிரம் தமிழரில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் இரையானவர் பெருந்தொகையினர். யார் இறந்தார், யார் எஞ்சினார் என்று லயத்து வாயிலில் வந்து சொல்வார் ஒருவரும் இலர். 1945-இல் போர் முடிந்தது. சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினர். பாட்டியின் தந்தையார் வரவில்லை. இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை.

தாயார் குறி கேட்கப் போனார். வடக்கே உயிரோடு இருக்கிறார், தை பிறந்தால் வருவார் என்று குறிகாரர் சொன்னார். தை பிறந்தது. மறு ஆண்டும் ஒரு கோழியைக் கொடுத்துக் கேட்டார். மறு தையைக் காட்டினார். குறிகாரர்மீது நமக்குள்ள சினத்தை விரித்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். கருத வேண்டியது, அவ்வம்மையாரின் நெஞ்சும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது என்பது. நெஞ்சு சொன்னதை அவர் விலைகொடுத்து மற்றொருவர் வாயால் கேட்டார்; அவ்வளவே.

சில ஆண்டுகள் கழித்து அவர் குறி கேட்பதை விட்டுவிட்டார். யாரும் தடுக்கவில்லை, தாமே விட்டார். அதன்பின் விடியலில் பால்மரத்து நிரையில் உளியோடு நடக்கும்போது வாய்விட்டுப் பேசத் தொடங்கினார். மங்கு துடைக்க உடன்போன சிறுமியாகிய பாட்டி அதைக் கேட்டிருக்கிறார். "வருவாரு வருவாருங்கிறியே, எதக் கண்டு சொல்லுற நீ?" என்பாராம். சில மரம் தள்ளி, "சரி, அழுதுக்க; இந்த நிரை முடியிற வரைக்கும் அழுதுக்க" என்பாராம். மற்றொரு நாள், "உனக்கு அவரு வேணும், எனக்கும் வேணும், அதுக்காகப் பொய் சொல்லாதே" என்றாராம். லயத்தில் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பித்துப் பிடித்தவர் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தவில்லை. இரண்டு பிள்ளைகளும் பட்டினி கிடக்கவில்லை.

தகரப் பெட்டியில் கணவருடைய வெள்ளைச் சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு தீபாவளிக்கு முன்னாள் அதை எடுத்து வெட்டி, மகனுக்கு அளவாகத் தைத்துப் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் பதறிப்போய், "அவர் வரமாட்டார்னு மனசு சொல்லிடுச்சா அக்கா?" என்று கேட்டாராம். அதற்கு அவர் சொன்ன விடையைப் பாட்டி இரண்டு முறை நமக்குத் திருப்பிச் சொன்னார். "அதுக்கு என்ன தெரியும்? சட்டையக் குடுக்க ஒத்துக்கிச்சு."

இவ்விடையை ஒரு நல்ல உரை என்றே கருதுகிறோம். கணவர் வருவாரா மாட்டாரா என்பது நெஞ்சுக்குத் தெரியாது. தெரியாததை அதனிடம் கேட்பதில் பயனில்லை. தன்னிடம் உள்ள ஒரு சட்டையை விட்டுக்கொடுக்க முடியுமா முடியாதா என்பது அதற்குத் தெரியும். அதை அவர் கேட்டார். பல ஆண்டு பேசிப் பேசி இசைவு பெற்றார். அவர் நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை என்பதையும் பாட்டி சொன்னார். சுமங்கலியா கைம்பெண்ணா என்று திருமண வீடுகளில் எழுந்த வழக்கை அவர் தீர்த்துவைக்கவே இல்லை. அழைத்தால் போனார், அழைக்காவிட்டால் வேலையைப் பார்த்தார்.

பரிமேலழகர் இவ்வதிகாரத்தை, வேறு பற்றுக்கோடு காணாத தலைவி செய்வதறியாமல் நெஞ்சொடு சொல்லுவதாக விளக்குகிறார். பற்றுக்கோடு காணாதவள் என்பது சரி. செய்வதறியாமை என்பதில்தான் நமக்கு ஐயம். இப்பேச்சே ஒரு செயல் என்று நினைக்கிறோம். பேச்சு இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 130-ஆம் அதிகாரத்தில் ஒரு குறள் காட்டுகிறது. தனியே இருந்து நினைத்தபோது என் நெஞ்சு என்னைத் தின்பதற்கென்றே உடனிருந்தது என்கிறாள் தலைவி. கிடைக்கவில்லையே என்று அஞ்சும், கிடைத்தாலோ பிரியுமே என்று அஞ்சும், ஓயாத் துன்பமுடையது என் நெஞ்சு என்றும் கூறுகிறாள். கவலை நோயின் இயல்பை இதைவிடச் சுருங்கச் சொன்ன மருத்துவ நூலை நாம் கண்டதில்லை. இதோடு ஒப்பிட்டால், கண்களையும் உடன் கொண்டுபோ, அவை அவரைக் காண விரும்பி என்னைத் தின்கின்றன என்னும் 125-ஆம் அதிகாரத்துக் குறள் அழகிய சொல்லாட்டாகவே நிற்கிறது. வள்ளுவர் என்பதற்காக எல்லாக் குறளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டியதில்லை.

ஒரு குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இவ்விரண்டு அதிகாரத்திலும் நெஞ்சொடு பேசுபவள் பெண். பிரிந்துபோன ஆடவன் தன் நெஞ்சொடு என்ன பேசினான்? அதற்கு அகநானூற்றுக்கும் நற்றிணைக்கும் போக வேண்டும். பொருளுக்காகப் பிரிய எண்ணும் தலைவன், பாலைநிலத்தின் நடுவே நெஞ்சுக்குச் சொல்லும் பாட்டுகள் அங்கே பல உண்டு. 'தன் நெஞ்சிற்குச் சொல்லியது' என்று அவற்றின்கீழ்க் குறிப்பே எழுதப்பட்டிருக்கும். பொருள்வயிற் பிரிவு நமக்குப் பாட்டில் மட்டும் உள்ள செய்தியன்று. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுப் போகும் தொழிலாளர் பயணத்தை நிறுத்தும் வரையில், கங்காணியின் பின்னால் கப்பலேறிய நம் முன்னோர் எத்தனை பேர் கடலின் நடுவே நெஞ்சொடு பேசினார்களோ! பேசினார்களா என்பதே ஐயம். அவர்களுக்கு அதற்கென்று கட்டி வைக்கப்பட்ட இடம் கள்ளுக்கடை. அழுகிற ஆண்பிள்ளையை நம்பாதே என்று பழமொழி வைத்திருக்கும் நாம், குடித்துவிட்டு அழுகிறவனை மட்டும் பொறுத்துக்கொள்கிறோம். சென்ற ஆண்டு மனைவியை அடக்கம் செய்த நம் படிப்பகத்து அன்பர் ஒருவர் நான்காம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். 'திடமான ஆள்' என்று எல்லாரும் புகழ்ந்தோம், நாமும் புகழ்ந்தோம். பெயர்ப் பட்டியலில் அவருக்கு நேரே வருகையைக் குறித்த கை நமதே. அவருக்குப் பேச ஒருவர் உண்டா என்று கேட்க அன்று தோன்றவில்லை. காமத்துப்பால் வேண்டா என்று முதலில் சொன்னவரும் அவரே.

130-ஆம் அதிகாரத்தின் இறுதியில் தலைவி, ஒருவருக்குத் தம்முடைய நெஞ்சே துணையாகாவிட்டால் துன்பத்தில் வேறு யார் துணையாவார் என்று கேட்கிறாள். தம் நெஞ்சே உறவாகாதபோது அயலார் உறவாகாததில் வியப்பென்ன என்பது அதற்கடுத்த குறள். அதற்குப் பிறகு நூல் எவ்வாறு செல்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 131 புலவி, 132 புலவி நுணுக்கம், 133 ஊடலுவகை. அத்துடன் 1330 குறளும் முடிகின்றன. அதாவது, நெஞ்சொடு ஊடிய பின்புதான் வள்ளுவர் அவளைக் கணவனோடு ஊடவிடுகிறார். அதன் பின்புதான் கூடல். நெஞ்சோடு சண்டையிட்டு உறவாகத் தெரிந்துகொண்டவளுக்கு மனிதரோடு சண்டையிட்டு உறவாவது எளிதாகிறது போலும். இவ்வதிகார வைப்பு வள்ளுவர் வைத்ததுதானா என்று புலவர்கள் ஆராயட்டும். நமக்குக் கிடைத்த நூலில் அவ்வாறு இருக்கிறது.

சென்ற ஞாயிறு 130-ஐ முடித்து ஏட்டை மூடினோம். பாட்டி நேரமாயிற்று என்று தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது மேலே கூறிய அன்பர் பின்வரிசையிலிருந்து, கடைசி ஐந்து குறளை மட்டும் மற்றொரு முறை படிக்கலாமா என்று கேட்டார். யாரும் காரணம் கேட்கவில்லை. பாட்டி மீண்டும் உட்கார்ந்தார். படித்தோம்.